பட்டணத்து அடுப்பு

என்னை அந்த ஊர்க்காரி ஆக்கியது ஒரு சண்டை. அதுவும் ஒரு டம்ளர் காப்பிக்காக வந்த சண்டை. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தச் சண்டையை நான் போடாமல் இருந்திருந்தால் அந்த ஊருக்கு நெல் அடிக்கிற களம் மிஞ்சியிருக்காது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான்காரன் பட்டணத்தின் மேல் குண்டு போடப்போகிறான் என்று ஒரு சித்திரையில் பேச்சுக் கிளம்பியது. கிளம்பியதுதான் தாமதம், ராயபுரத்தில் எங்கள் தெருவே காலியாகிவிட்டது. பாத்திரம் பண்டம், பாய் தலையணை, கிளிக்கூண்டு முதற்கொண்டு வண்டி ஏறிவிட்டன. என் வீட்டுக்காரருக்கு ஓர் அச்சாபீஸில் வேலை. அதை விட முடியாது. என்னை அங்கே வைத்திருக்கவும் பயம். யாரோ சொன்னார்கள் என்று அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, ஏரிக்கரையோடு நடந்து போய், ஓர் ஊரில் அறை பேசி முடித்துவிட்டு வந்தார். சாப்பாடும் வீட்டுக்கார அம்மாவே போட்டுவிடுவாள் என்று ஏற்பாடு. கலியாணமாகி ஓராண்டுகூட ஆகாத நான், கடல் காற்றை விட்டுவிட்டு வறட்டி வாசனைக்கு வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது, பிள்ளை குட்டி இல்லை. கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு, அந்த வீடு, அவ்வளவுதான் அவள் சொத்து. ஏர் ஓட்ட மட்டும் ஆள் பிடிப்பாள், மற்ற வேலையெல்லாம் அவளே செய்வாள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். வாய் அக்கா என்று கூப்பிடும், மனசு திட்டும். அவள் பேச்சு அப்படி, வெடுக் வெடுக்கென்று இருக்கும். என் வாயும் சும்மா இருக்கிற வாய் இல்லை.

என் வீட்டுக்காரர் விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். காப்பி குடிக்காமல் அவருக்குக் கால் நகராது. ஆனால் அந்த நேரத்தில் அடுப்பில் மாட்டுக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். சில நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“அக்கா, அந்தப் பானைய இறக்கிட்டு ஒரு சொம்பு தண்ணி வைக்கக் கூடாதா? அவருக்கு ரயிலுக்கு நேரமாகுது.”

“மாடு குடிக்கட்டும். அப்பறந்தான் மத்ததெல்லாம்.”

“மாட்டுக்கு அப்புறந்தான் எங்க வீட்டுக்காரரா?”

“ஆமா. மாடு போயி ஏரு இழுக்கணும். உன் ஊட்டுக்காரருக்கு இன்னா, அவர ரயிலு இழுத்துகினு போவப்போவுது.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ. தெருவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போன பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “இனிமே உங்க அடுப்புல வெந்த சோறு என் வாயில படாது!” என்று கத்தினேன். “படாட்டி போயேன், எனுக்கு அரிசி மிச்சம்” என்று அவளும் கத்தினாள். அவர் காப்பி குடிக்காமலே ரயிலுக்கு ஓடினார்.

அன்று மத்தியானமே புழக்கடையில் முருங்கை மரத்துப் பக்கம் மூன்று செங்கல்லை வைத்து ஓர் அடுப்புப் போட்டேன். அடுப்பு என்று நான் சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான். சோறு பாதி புகை, பாதி அரிசி. மறுநாள் காப்பியும் அப்படியே. என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார். எங்கள் குடும்ப வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். புண்ணியவான்.

ஆடி வந்தது. ஊருக்கு மேற்கே ஒரு தாங்கல் உண்டு. தாங்கல் என்றால் சின்ன ஏரி. பெரிய ஏரித் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக வந்து அதில் நின்று, அதிலிருந்துதான் வயல்களுக்குப் பாயும். மழைக்கு முன்னால் அந்தக் கால்வாயை ஊரே சேர்ந்து வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருந்த கணக்கு வேடிக்கையானது. எந்த வீட்டில் எத்தனை ஆம்பளை என்று பார்ப்பதில்லை, எவ்வளவு நிலம் என்றும் பார்ப்பதில்லை. அடுப்புக்கு ஓர் ஆள். ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி தனித்தனியாகப் பொங்கித் தின்றால் இரண்டு ஆள்.

தலையாரி தமுக்கு அடித்துக்கொண்டு தெருவில் வந்தவர் எங்கள் வாசலில் நின்றார். “இந்த ஊட்ல இப்போ ரெண்டு அடுப்பு. ரெண்டு ஆளு வரணும்” என்றார். என் சண்டை அவருக்கும் எட்டியிருக்கிறது!

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “அவரு ஆபீசுக்குப் பூட்டாரு. பட்டணத்து அம்மா மண்ணு தூக்குமா? தாம்பாளம் தூக்கும். உடு, நானே ரெண்டு ஆளு வேல செஞ்சிட்றேன்.”

இதைக் கேட்டுவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேனா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கால்வாயில் இறங்கிக் கூடையை இடுப்பில் வைத்ததுமே பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். “யம்மோவ், அது பூக்கூட இல்ல, மண்ணுக்கூட. தலையில வையி.” ஒருத்தி தன் தலைத்துணியை முறுக்கிச் சும்மாடு செய்து என் தலையில் வைத்தாள். இன்னொருத்தி, நான் வழுக்கி விழப்போகும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளி நேராக்கினாள். பொழுது சாய்வதற்குள் கழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனாலும் பாதியில் விடவில்லை. அக்கா ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வேலை முடிந்ததும் எல்லோரும் கரையில் உட்கார்ந்தோம். ஒவ்வோர் அடுப்பாகத் தலையாரி கூவிக் கூப்பிட்டார். கூப்பிட்டதும் எழுந்து போய், ஓர் இலையில் பயறு வாங்கிக்கொள்ள வேண்டும். இலை வாங்கின அடுப்புக்கு அடுத்த ஆடி வரை ஊர்க் காரியத்தில் ஒரு குரல் உண்டு. சேரியிலிருந்து வந்தவர்களும் எங்களைவிட அதிகமாகவே மண் வெட்டினார்கள். அவர்களுக்குப் பயறு உண்டு, குரல் கிடையாது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஊருக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன் என்பதற்காக அதை மறைக்க முடியுமா?

“மேட்டு அடுப்பு! புளியமரத்து அடுப்பு!” என்று கூவிக்கொண்டே வந்தவர், “பட்டணத்து அடுப்பு!” என்றார். யார் அது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பார்த்தால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து போய் இலையை வாங்கினேன். வேகாத பயறு, உப்பும் போதாது. அவ்வளவு ருசியாக நான் ஒன்றும் சாப்பிட்டதில்லை.

அந்த ஐப்பசியில்தான் மனைத் தரகர் ஒருவர் வந்தார். குண்டுக்குப் பயந்து ஓடின பட்டணத்து ஜனங்களில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் வெளியே ஒரு வீடு இருந்தால் நல்லது என்ற நினைப்பு எல்லோருக்கும் வந்துவிட்டது. அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் ரயில் பாதை ஓரமாக மனை விலை பேசாத ஊர் இல்லை. எங்கள் ஊரில் தரகர் கண் வைத்தது பொதுக்களத்தின் மேல். ஊருக்கும் தாங்கலுக்கும் நடுவில் இருந்த பெரிய மேட்டு நிலம் அது. சொந்தக் களம் இல்லாதவர்கள் எல்லோரும் அங்கேதான் முறை வைத்து நெல் அடிப்பார்கள். கலியாணப் பந்தியும் அங்கேதான், அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் அங்கேதான். ஊர் முழுக்க ஒப்பினால்தான் அதை விற்கலாம்.

ஊரில் பெரிய வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார். நிலம் பெரும்பாலும் அவருடையது, ஊரில் அநேகமாக எல்லோரும் அவர் நிலத்தைத்தான் உழுதார்கள். அவருக்குத் தரகர் பேச்சுப் பிடித்துப்போயிற்று. களம் மனையானால் பக்கத்திலிருக்கும் தன் புன்செய்யும் மனையாகும் என்ற கணக்கு. மார்கழியில் தரகரின் ஆட்கள் வந்து களத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். இது தெரு, இது மனை, தாங்கல் கரையில் ஒரு பூங்கா.

நான் என்ன செய்தேன்? ஓடிப்போய்ப் பார்த்தேன். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. பட்டணத்தில் நாங்கள் இருந்த போர்ஷனை வேறு யாருக்கோ விட்டுவிட்டார்கள். திரும்பிப் போக இடம் இல்லை. புங்கமரத்துப் பக்கம் ஒரு மூலை மனை, கிழக்குப் பார்த்த வாசல். அதுதான் வேண்டும் என்று முதல் ஆளாகத் தரகரிடம் சொல்லிவைத்தோம். கோட்டுக்குள் நின்று, இங்கே சமையலறை, இங்கே துளசி மாடம் என்று என் வீட்டுக்காரருக்குக் காட்டினேன். இனி எந்த மாட்டுக்கும் பின்னால் நிற்க வேண்டாம்.

அந்த மார்கழிப் பனியிலேயே எனக்குக் காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வரும் குளிர்காய்ச்சல். அவர் வேலைக்குப் போய்விடுவார். இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது. அக்கா ஒரு கிண்ணத்தில் கேழ்வரகுக் கஞ்சியோடு வந்து நின்றாள். எனக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. அப்போதும் என் வாய் அடங்கியதா? “உங்க அடுப்புக் கஞ்சி எனக்கு வேணாம்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் புழக்கடையிலிருந்து அடுப்பு ஊதும் சத்தமும் இருமலும் கேட்டது. மறுபடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“இந்தா. உன் அடுப்பு, உன் சட்டி, உன் உப்பு. மாவு மட்டும் என்னுது. அதுவும் வாணாம்னா சொல்லு, மூஞ்சியிலயே ஊத்திட்றேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. குடித்தேன். அன்றிலிருந்து தினமும் வந்து என் மூன்று செங்கல்லில்தான் சமைத்துப் போட்டாள். தன் அடுப்பிலிருந்து ஒரு கரண்டி கொண்டுவரவில்லை. காலையில் அவர் ரயிலுக்குக் கிளம்பும்போது காப்பித் தண்ணீரும் என் அடுப்பில்தான். மாட்டுக்கு வைத்துவிட்டுத்தான் வருவாள், அது வேறு விஷயம். அவர் பாதி நாள் ஓட்டமும் நடையுமாகத்தான் ரயிலைப் பிடித்தார்.

காய்ச்சல் விட்ட பிறகு ஒரு நாள், அவள் புழக்கடையில் எனக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து என் வீட்டைப் பற்றிப் பேசினேன். வாசல் இப்படி, சமையலறை அப்படி என்று ஒரே அளப்பு. அவள் திரும்பாமலே கேட்டாள்.

“புங்கமரத்தாண்ட கீற மூலையா?”

“ஆமாக்கா.”

“அங்கதான் நான் நெல்லு அடிக்கிறது.”

“அது போயிட்டா எங்க அடிப்பீங்க?” என்றேன்.

“பெரிய ஊட்டுக் களத்துலதான். அவங்களுது முடியணும், அவங்க ஆளுங்களுது முடியணும், அப்பறம் என்னுது. அதுக்குள்ள மழ புடிச்சா நெல்லு மொளச்சிடும். ரெண்டு வருசம் அப்பிடி ஆனா நெலத்த அவங்களுக்கே எழுதிக் குடுத்துட்டு கூலிக்குப் போவ வேண்டியதுதான். போனா போவுது, நீ ரசத்த குடி.”

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். அவள் பாட்டுக்கு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அறுவடைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, களத்திலேயே ஊர்க் கூட்டம். சுண்ணாம்புக் கோடுகளின் மேலேயே எல்லோரும் உட்கார்ந்தோம். தரகர் எழுந்து, தெரு விளக்கு வரும், பள்ளிக்கூடம் வரும், தபாலாபீஸ் வரும் என்றார். பொய் சொல்வானேன், அத்தனையும் எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. பெரிய வீட்டுக்காரர், “ஒப்பு இல்லாதவங்க சொல்லலாம்” என்றார்.

அக்கா எழுந்தாள். “எனுக்கு ஒப்பு இல்ல.”

அவர் அமைதியாகச் சொன்னார். “ஒரு அடுப்பு மட்டும் ஒப்பலைன்னா, அது சொந்த மனஸ்தாபம்னு தள்ளிட்றது நம்ம ஊரு வழக்கம். ரெண்டாவதா ஒரு அடுப்பு சொன்னா உண்டு. வேற யாருனா கீறீங்களா?”

எனக்குச் சும்மாடு கட்டிக் கொடுத்தவள் தரையைப் பார்த்தாள். என்னைத் தள்ளி நேராக்கினவள் புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கும் அங்கேதான் நெல் அடிக்க வேண்டும். ஆனால் உழுவது அவருடைய நிலத்தில். எப்படிச் சொல்வார்கள்? அந்தக் கூட்டத்தில் அவர் நிலத்தை உழாத அடுப்பு அக்காவுடையதும் என்னுடையதும்தான். அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடக் கொஞ்சம் கோபப்பட்டிருப்பேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என் மூலை மனை தெரிந்தது. கிழக்குப் பார்த்த வாசல்.

“எனக்கும் ஒப்பு இல்லை” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. ஆம்பளைகள் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் சடாரென்று திரும்பினார்.

தரகர் குதித்தார். “இந்த அம்மாதானே மூலை மனைய மொதல்ல கேட்டாங்க!”

“கேட்டேன். இப்ப வேணாங்கறேன். அதுக்கு என்னா இப்போ?”

“அம்மா, நீங்க குடியிருக்க வந்தவங்க” என்றார் பெரிய வீட்டுக்காரர். உடனே தலையாரி குறுக்கிட்டார். “மண்ணு தூக்கிச்சிங்க. எல வாங்கிச்சி. பட்டணத்து அடுப்புன்னு நாந்தானே கூவினேன்.”

“அது ஆடியில. இப்ப சண்ட தீந்துபோச்சே. சொரத்துல கெடந்தப்போ இந்தம்மாவுக்கு அவதான் கஞ்சி ஊத்தினாளாம். ஒண்ணாத் துன்றவங்க ஒரே அடுப்பு. ஒரே அடுப்புன்னா ஒரே குரல்தான?” என்றார் பெரிய வீட்டுக்காரர்.

வழக்கப்படி அவர் சொன்னது சரி. அவ்வளவுதான், களம் போயிற்று என்று நினைத்தேன். அதற்குள் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

“யாரு சொன்னது ஒரே அடுப்புன்னு? என் அடுப்புல வெந்தது ஒரு பருக்க தொட்டிருக்காளான்னு அவளையே கேளு! சொரத்துல சாவக் கெடந்தப்பவும் உன் அடுப்புக் கஞ்சி வாணாம்னு மூஞ்ச திருப்பிக்கினா. திமிரு! அவ அடுப்புலயே, அவ சட்டியிலயே, பொகையில என் கண்ணு அவிஞ்சி ஆக்கி ஊத்தினேன். அந்த அடுப்பு ஒரு நாளு குளுந்துச்சா? போயி கைய வெச்சிப் பாருங்க.”

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. “அந்தக் காப்பிச் சண்டய ஊரே கேட்டுச்சே!” என்று ஒருத்தி தைரியமாகச் சொல்லிவிட்டாள். தலையாரி எழுந்து எங்கள் புழக்கடைக்குப் போனார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். காலையில் என் வீட்டுக்காரருக்குக் காப்பி போட்ட பிறகு அடுப்பைக் கிளறினோமா, தண்ணீர் ஏதும் கொட்டினோமா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தலையாரி விரலை உதறிக்கொண்டே திரும்பி வந்தார்.

“சுடுதுங்க.”

பெரிய வீட்டுக்காரர் நினைத்திருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாம், அவரை யார் கேட்பது? அவர் எழுந்து, “ரெண்டு குரல் வந்துட்ச்சி. களம் ஊருக்கேதான்” என்று சொல்லிவிட்டு, தன் காலடியில் இருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தன் காலாலேயே தேய்த்து அழித்தார். அதற்கப்புறம் யாருக்கும் பயமில்லை. ஆணும் பெண்ணும் எழுந்து காலால் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். என் மூலை மனையின் கோட்டை நானே போய் அழித்தேன். அழுதுகொண்டேதான் அழித்தேன். ஊர் வழக்கை மீறாத அந்தப் பெரிய வீட்டுக்காரருக்கும் நான் கடமைப்பட்டவள்தான்.

என் வீட்டுக்காரரும் நானும் வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும், “வீடு போச்சே” என்று நான்தான் ஓவென்று அழுதேன். அவர், “நானா இருந்தா பேசாம உக்காந்திருப்பேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

யுத்தம் முடிந்து எல்லோரும் பட்டணத்துக்குத் திரும்பினார்கள். நாங்கள் திரும்பவில்லை. புழக்கடையில் முருங்கை மரத்துப் பக்கம் அக்கா இடம் கொடுத்தாள், ஓர் அறை கட்டிக்கொண்டோம். என் பிள்ளைகள் அந்தக் களத்தில்தான் தவழ்ந்தன, அங்கேதான் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டன. ஆடிக்கு ஆடி மண் தூக்கினேன். என்னைக் கடைசிவரை பட்டணத்து அடுப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை யாரும் செய்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அக்காவிடம் போய், “போதும்க்கா இந்தச் சண்டை. நாளையிலேர்ந்து உங்க அடுப்புலயே சாப்பிடறேன்” என்றேன்.

“அய்யே, வாயக் கழுவு!” என்று பாய்ந்தாள். “ஒண்ணாயிட்டா ஒத்தக் குரலாயிடும். தனியாவே பொங்கித் துன்னு.”

மறுநாள் அலுப்பில் நான் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. அவர் ரயிலுக்குக் கிளம்பும் நேரம். பதறிக்கொண்டு புழக்கடைக்கு ஓடினேன். என் மூன்று செங்கல்லில் தீ எரிகிறது, காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கிறது, அக்கா குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கிறாள். அவள் சமையலறை இருட்டாகக் கிடந்தது. அங்கே இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. கொட்டகையில் மாடு ரெண்டும் கத்திக்கொண்டிருந்தன.

“அக்கா, மாட்டுக்கு வைக்கலையா?”

“அதுங்க அப்பறமா குடிக்கும்” என்றாள். “அவருக்கு ரயிலுக்கு நேரமாவுதில்ல?”